கேடயம் கொடுத்த லிஃப்ட்காரர்

லிஃப்டுக்குள் கால் வைத்ததும் அவர் முதலில் ஒரு சின்னக் குதி குதிப்பார். பெரிதாக ஒன்றும் இல்லை. குதிகால் இரண்டும் ஒரு விரற்கடை எழும்பி இறங்கும், அவ்வளவுதான். உள்ளே நிற்பவர்கள் திடுக்கிட்டுச் சுவரைப் பிடித்துக்கொள்வார்கள். அவருக்கு அது கண்ணில் படாது. காது முழுக்க மேலே, கம்பிவடத்தின் முனகலில் இருக்கும். பிறகு பலகையைப் பார்ப்பார்: ஆறு பேர், நானூற்றெட்டு கிலோ. நிற்பவர்களை ஒரு நோட்டம் விட்டு மனதுக்குள் கூட்டிக்கொள்வார். “ஆறு பேர்னு போட்டிருக்கறது ஒல்லியான ஆறு பேருக்கு” என்பது அவர் வாடிக்கையாகச் சொல்வது. சொல்லும்போது யாரையும் குறிப்பாகப் பார்ப்பதில்லை; ஆனாலும் யாராவது ஒருவர் முகம் சுருங்கிவிடும்.

வயது ஐம்பத்திரண்டு. லிஃப்ட் பழுதுபார்க்கும் தொழில். இருபத்தாறு வருடமாக மேலும் கீழும் போய்வந்தும் எங்கும் போய்ச்சேரவில்லை என்று தன்னையே கிண்டல் செய்துகொள்வார், வருத்தம் துளியும் இல்லாமல். நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். வலது காதுமேல் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில், பின்முனை கடித்துக் கடித்துத் துடைப்பம்போல் ஆனது. அந்தப் பென்சிலை மட்டும் யாருக்கும் தரமாட்டார். பார்சலுக்குக் கையெழுத்துப் போட மனைவி அவசரமாகக் கை நீட்டினாலும், வீடு முழுக்க அலைந்து ஒரு பேனா தேடிவந்து தருவாரே தவிர, காதுக்குக் கை போகாது. “அது பல் தேய்க்கிற பிரஷ் மாதிரிம்மா” என்பார்.

மதியச் சாப்பாடு பெரும்பாலும் ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில். சாப்பிட்டு முடித்ததும் டப்பாவை மூடி வைத்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுப்பார். அதில் ஏழெட்டுப் பகடைகள்; நான்கு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று பல தினுசு. சிமெண்டுத் தரையில் நட்டும் போல்ட்டும் நிறுத்தி, பகடையை உருட்டி, சிவப்புப் பென்சிலால் எதையோ குறித்துக்கொள்வார். ஒரு கட்டடத்துக் காவலாளி இதைப் பார்த்துவிட்டு, ஆள் சூதாடுகிறார் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டார். மேலாளர் மூச்சு வாங்க ஏழு மாடி ஏறிவந்து கதவிடுக்கில் பார்த்தார். எதிரே யாருமே இல்லை. மனிதர் தன்னோடு தானே ஆடித் தோற்றுக்கொண்டிருந்தார். மேலாளர் வந்த வழியே இறங்கிப்போனார்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பிற்பகல் மூன்று மணிக்கு அவர் வீட்டில் ஒரு விளையாட்டு நடக்கிறது, எட்டு வருடமாக. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாகி, குகை குகையாக நுழைந்து, பூதத்தோடும் பாம்போடும் மல்லுக்கட்டுவார்கள். வெட்டு விழுந்ததா, தப்பியதா என்று பகடை தீர்ப்புச் சொல்லும். கதையை நடத்துபவர் நம் லிஃப்ட்காரர்.

நான்காவது மாடியில் அவர் வீடு. விளையாடும் மேஜை, இடித்துத் தள்ளிய ஒரு ஹோட்டலின் பழைய லிஃப்ட் கதவு. எஃகுத் தகட்டின்மேல் பகடை விழுந்தால் மூன்றாவது மாடிவரை கேட்கும். அதனால் மேலே ஒரு போர்வை. பூதம் என்றால் பெரிய பேரிங். குட்டிச்சாத்தான்கள் என்றால் ஒரு கைப்பிடி வாஷர். விளையாட வருகிறவர்களுக்கு மட்டும் பளபளவென்று தேய்த்த பித்தளை போல்ட், ஆளுக்கு ஒன்று.

வருகிறவர்கள் மூன்று பேர். கீழே கடை வைத்திருக்கும் பேக்கரிக்காரர், புருவத்தில் மாவோடு வருவார், கதைக்குள் வாள்வீரன். கையில் இருக்கும் வாள் எவ்வளவு பெரியதானாலும் அதைவிடப் பெரியது எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டே இருப்பார். அடுத்தவர் லிஃப்ட்காரரின் தங்கை. பள்ளி வேன் ஓட்டுகிறாள், கதைக்குள் வைத்தியச்சி. யாருக்கு அடிபட்டாலும் கை வைத்து மந்திரம் சொல்லி, பகடை உருட்டி, உயிர் ஏற்றுவது அவள் வேலை. மூன்றாமவர் லிஃப்ட்காரரின் மாமனார், ஓய்வுபெற்ற ரயில் கார்டு. அவர் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது.

சண்டைகளை லிஃப்ட்காரர் அமைக்கும் விதமே தனி. லிஃப்ட் பெட்டிக்கு மறுபக்கம் ஒரு எதிர்எடை தொங்குகிறது. பெட்டியின் எடையோடு பாதி ஆட்களின் எடையையும் சேர்த்து அதைக் கட்டுவார்கள். “காலியா போனாலும் மோட்டாருக்குக் கஷ்டம், நெறைஞ்சு போனாலும் கஷ்டம். பாதி ஆளு இருந்தாதான் அது பாட்டு பாடிக்கிட்டே போகும்” என்பார். சண்டைக்கும் அதே கணக்குத்தான். முடியும்போது எல்லோரிடமும் பாதி உயிர் மிஞ்சியிருக்க வேண்டும். அதற்குமேல் மிஞ்சினால் தூக்கம் வரும், அதற்குக் கீழே போனால் கோபம் வரும். ஒவ்வொரு சண்டையையும் மோட்டார் அறையில் ஐந்தாறு முறை தானே ஆடிப் பார்த்து, வாஷரைக் கூட்டியும் குறைத்தும் இந்தப் பாதியைப் பிடிப்பார். பேக்கரிக்காரர் அவருக்கு வைத்த பெயர் ‘சரிபாதி’.

இந்தப் பாதியைக் கெடுப்பவை மந்திரப் பொருள்கள். ஆனால் அவை இல்லாவிட்டால் யாரும் குகைக்குள் தலையே நீட்டமாட்டார்கள். உதிரிபாகப் பெட்டியின் அட்டையை வெட்டி, ஒரு பொருளுக்கு ஓர் அட்டை என்று லிஃப்ட் பலகைபோலவே எழுதுவார்: என்ன செய்யும், எத்தனை முறை செய்யும், என்ன எடை. எழுதியதை அப்படியே கொடுத்துவிட மாட்டார். புது லிஃப்ட் என்றால் அளவுக்கு மீறிக் கால்பங்கு கூடுதல் பாரம் ஏற்றி பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். அட்டைகளுக்கு அந்தக் கூடுதல் பாரம் அவருடைய மனைவி.

மனைவி விளையாடுவதில்லை. காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டு மனுக்களைப் படிப்பது அவர் வேலை. ஊரில் உள்ள பொய்யெல்லாம் எட்டு மணி நேரம் அவர் மேஜை வழியாகப் போகிறது; வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மூடுவதில்லை. காலைச் சிற்றுண்டியின்போது லிஃப்ட்காரர் அட்டையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். ஒருமுறை வைத்தது ‘கூப்பிட்டால் வரும் செருப்பு’. எங்கே விட்டாலும் கூப்பிட்டதும் காலுக்கு வந்து சேரும். பாவம், அவ்வளவுதான் அது. மனைவி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்: “செருப்பு முழுக்கப் பசை தடவி ராஜாவோட கஜானாக்குள்ள எறிஞ்சுட்டு, வெளியில நின்னு கூப்பிடுவேன்.” அன்று அந்த அட்டையில் ஒரு வரி கூடியது: ‘செருப்பு தனியாகத்தான் வரும்.’

அட்டை ஒருவர் கைக்குப் போய்விட்டால் அப்புறம் அதைத் தொடமாட்டார். ஆரம்ப காலத்தில் பேக்கரிக்காரரின் நெருப்பு ஈட்டி ஒன்றை, பலம் அதிகமாகிவிட்டது என்று பாதியில் திருத்தினார். பேக்கரிக்காரர் மூன்று வாரம் பன் கொண்டுவரவில்லை. அதிலிருந்து அது சட்டம். “மாட்டுன பலகைய சொல்லாம கொள்ளாம மாத்தினா அப்புறம் அந்த லிஃப்டுல எவன் ஏறுவான்” என்று அவர் கேட்பது நியாயம்தான்.

இவ்வளவு முன்யோசனை உள்ள மனிதர்தான் அந்தக் கேடயத்தையும் கொடுத்தார்.

மாமியார் இறந்தபின் மாமனார் மகள் வீட்டோடு வந்துவிட்டார். வந்த புதிதில் பழைய கைக்கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர்ச் சாலையில் போகும் பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு நின்றுவிட்டது. சிரிப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகடைச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தவரிடம் லிஃப்ட்காரர் ஒரு பித்தளை போல்ட்டை நீட்டினார். பெரியவர் அதை உருட்டிப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் நிற்கிற ஆள் யார் என்று கேட்டார். கேடயம் பிடிக்கும் படைவீரன், முதல் அடி அவனுக்குத்தான் என்றார்கள்.

“அதையே குடுங்க மாப்பிள்ளை. நாப்பது வருஷம் கடைசிப் பெட்டியில உக்காந்தாச்சு. இதுலயாவது முன்னாடி நிக்கறேன்” என்றார் பெரியவர்.

அவருடைய பத்தாவது ஞாயிற்றுக்கு ஒரு நல்ல பொருளாகக் கொடுக்க வேண்டும் என்று லிஃப்ட்காரர் ஆசைப்பட்டார். ஆசையில் தப்பில்லை. அந்த வாரம் மனைவிக்குக் காய்ச்சல். போர்த்திக்கொண்டு படுத்திருந்தவரிடம் அட்டையைக் காட்ட மனம் வரவில்லை. அட்டையில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘பிரதிபலிக்கும் கேடயம். இதன்மேல் விழும் அடி, அடித்தவனுக்கே திரும்பும். எடை: ஓர் ஆள் எடை.’ எடை எழுத அவர் என்றைக்கும் மறந்ததில்லை, தொழில் அப்படி. மறந்தது நடுவில் இருக்க வேண்டிய வரி. அவருடைய நோட்டில் அது பத்திரமாக இருந்தது: ‘ஒரு சண்டைக்கு ஒரு முறை மட்டும்.’

முதல் நாள் கொண்டாட்டம்தான். படைவீரனுக்கு ஆட்டத்தில் ஓர் உரிமை உண்டு. அவன் ஒரு அதட்டல் போட்டால் எதிரிகள் எல்லாம் மற்றவர்களை விட்டுவிட்டு அவனையே நோக்கி வரவேண்டும். மாமனார் அதட்டினார். பூதம் தண்டாயுதத்தை ஓங்கி அடித்தது. அடி திரும்பியது, பூதம் தன் தண்டாலேயே அடிபட்டுத் தள்ளாடியது. பெரியவர் சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, கடிகாரத்தை மேஜைமேல் வைத்துவிட்டுச் சிரித்தார். காய்ச்சல் விட்டு அன்றுதான் சமையலறைக்குள் போயிருந்த மகள் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். மாமியார் போன ஒன்றரை வருடத்தில் அவரிடமிருந்து கேட்ட முதல் சிரிப்பு அது.

இரண்டாவது அடியும் திரும்பியது. மூன்றாவதும் திரும்பியது. லிஃப்ட்காரர் நோட்டைப் பார்த்தார், பிறகு மாமனார் கையில் இருந்த அட்டையைப் பார்த்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கடிக்க ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் இரண்டு மடங்கு பலமான பூதம் கொண்டுவந்தார். இருபத்தாறு வருட அனுபவம் உள்ளவர் செய்யக்கூடிய காரியமா அது? பூதம் எவ்வளவு பலமாக அடிக்கிறதோ அவ்வளவு பலமாக அதற்கே திரும்புகிறது. முந்தைய பூதம் மூன்று சுற்றுத் தாங்கியது, இது ஒரே சுற்றில் போய்ச்சேர்ந்தது. அதற்கடுத்த வாரம் முப்பது வாஷர்களைக் கொட்டினார். முப்பதும் வரிசையாக வந்து முட்டி வரிசையாகச் செத்தன. நான்காவது வாரம் அடியே இல்லாத ஆபத்தாக இருக்கட்டும் என்று குகைக்குள் வெள்ளம் விட்டார். மாமனார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “என் கேடயத்துக்குப் பயந்து தண்ணி திறந்துவிட்டீங்களா மாப்பிள்ளை?” என்று கேட்டார். பேக்கரிக்காரர் பன் புரையேறச் சிரித்தார். லிஃப்ட்காரரும் சிரித்து வைத்தார், வேறு வழி இல்லாமல்.

தங்கை மட்டும் சிரிக்கவில்லை. ஐந்து வாரமாக யாருக்கும் ஒரு கீறல் விழவில்லை. ஐந்து வாரமாக அவளுடைய பகடை பையை விட்டு வெளியே வரவில்லை. முதலில் வரைந்துகொண்டிருந்தாள், பிறகு கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது வாரம் ஆட்டம் முடிந்ததும் வழியனுப்பக் கூடவே இறங்கிவந்த அண்ணனை மூன்றாம் மாடித் திருப்பத்தில் நிறுத்தினாள்.

“அடுத்த வாரத்துலேர்ந்து நான் வரலண்ணா. கோவம்லாம் இல்ல. பிள்ளைங்க ரெண்டும் வெளியூர் போனதுலேர்ந்து வீட்டுலயும் என்னைத் தேட ஆள் கிடையாது. இங்க வந்தாலாவது யாராவது ஒருத்தர் ‘ஐயோ, எனக்கு அடிபட்டுடுச்சு, சீக்கிரம் வா’ன்னு கூப்பிடுவாங்க. அதுக்குத்தான் வந்தேன். இப்ப அதுவும் இல்ல.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனாள். லிஃப்ட்காரர் மேலே ஏறாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கேடயத்தை வாங்கினால் மாமனார் ஜன்னலுக்குத் திரும்பிவிடுவார்; வாங்காவிட்டால் தங்கை வரமாட்டாள். எட்டு வருட மேஜை ஒரே ஒரு வரியால் இரண்டாகப் பிளக்கும்போல் இருந்தது. அந்த வரியை விட்டது வேறு யாரோ என்றால் திட்டவாவது செய்திருக்கலாம்.

மறுநாள் காலை, ஐந்து வாரம் தாமதமாக, அட்டையில் இருந்ததை ஒரு தாளில் எழுதி மனைவியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மனைவி ஒருமுறைதான் படித்தார். “நல்லவேளை, அப்பா கையில கெடைச்சுது. என் கையில கெடைச்சிருந்தா இந்நேரம் நாட்டையே வளைச்சுப் போட்டிருப்பேன்” என்றார். பிறகு, இதற்குப்போய் ஏன் இவ்வளவு அவஸ்தை, அப்பாவிடம் கேட்டால் உடனே திருப்பிக் கொடுத்துவிடுவாரே என்றார்.

“குடுத்துடுவார். அதுதான் பயமா இருக்கு” என்றார் லிஃப்ட்காரர்.

மனைவி தாளை மறுபடி எடுத்து, மனுவில் கடைசி வரிவரை விரல் வைத்துப் படிக்கிற பழக்கத்தில், எடைக்கு வந்து நின்றார். “இதுல எடை எதுக்கு? கேடயம் என்ன கனம் இருந்தா யாருக்கு என்ன?” என்று கேட்டார். லிஃப்ட்காரர் வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினார்.

எட்டு வருடத்தில் அவர் தன் கதைக்குள் ஒரு லிஃப்டைக்கூட விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமையாவது அந்தக் கண்றாவி இல்லாமல் இருக்கட்டும் என்பது அவர் கொள்கை. அந்த வாரம் கொள்கையைக் காற்றில் விட்டார். மோட்டார் அறைத் தரையில் ஒரு பாழுங்கிணறு வரைந்து, அதற்குள் கயிற்றில் ஒரு கூடையைத் தொங்கவிட்டார். கூடை மூன்று ஆள் பாரம் தாங்கும். கேடயம் ஓர் ஆள். கணக்கு எளிமையாக இருந்தது. பதில்தான் அவர் கையில் இல்லை. பதினோரு முறை ஆடிப் பார்த்தார், ஒவ்வொருவருக்காகவும் யோக்கியமாக யோசித்து. அதில் பாதித் தடவைக்குமேல் வைத்தியச்சிதான் மேலே நின்றுபோனாள். அப்படியே நடந்தால் அதை மாற்றப்போவதில்லை, தங்கையைப் படிவரை போய் வழியனுப்பிவிட்டு வர வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டார். பிறகு தங்கைக்குத் தொலைபேசியில் இந்த ஒரு வாரம் மட்டும் வரச்சொன்னார். அவள் அரை மனதாகச் சரி என்றாள்.

ஞாயிறு மூன்று மணி. போர்வை, போல்ட்டுகள், ஒரு தட்டு பன். மனைவியும் அன்று எதையோ மடித்து வைக்கிற சாக்கில் அறைக்குள் வந்து நின்றுகொண்டார். கிணற்றையும் கூடையையும் லிஃப்ட்காரர் விவரித்தார். கூடையின் மரத்தகட்டில் ‘மூன்று ஆள் பாரம்’ என்று செதுக்கியிருக்கிறது. அடியிலே ஏதோ சீறும் சத்தம். கூடையைத் திரும்ப மேலே அனுப்பும் நெம்புகோல் அந்தச் சீறலுக்கு அப்பால் இருக்கிறது. ஆகவே முதலில் இறங்குகிறவர்கள் சண்டையை முடித்தால்தான் மற்றது இறங்க முடியும்.

பேக்கரிக்காரர் கை தூக்கி, தான் மேலேயே பன் தின்றுகொண்டு காவலிருப்பதாகச் சொன்னார். அது நடக்காது. இரண்டு வாரம் முன்பு கதையில் கண்ணில் பட்ட மோதிரத்தைப் பேராசையில் மாட்டிக்கொண்டு கழற்ற முடியாமல் அலைகிறவர் அவர்தான்; கீழே உள்ள கதவுக்குச் சாவி அந்த மோதிரம். ஆக வாள்வீரன் கட்டாயம் இறங்க வேண்டும், முதல் அடியை வாங்க முன்னால் நிற்கிற படைவீரனும் கட்டாயம் இறங்க வேண்டும். மிச்சம் ஓர் ஆள் இடம். அதில் கேடயம் ஏறலாம், இல்லாவிட்டால் வைத்தியச்சி ஏறலாம்.

மாமனார் அட்டையைப் போர்வைமேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கயிறு என்ன பருமன் என்று கேட்டார், கூடைக்குக் கதவு உண்டா என்று கேட்டார், கீழே எத்தனை பேர் என்று கேட்டார். கடைசிக் கேள்விக்கு மட்டும் லிஃப்ட்காரர், சத்தம்தான் கேட்கிறது மாமா, எண்ண முடியவில்லை என்றார்.

பேக்கரிக்காரர் கள்ளங்கபடம் இல்லாத மனிதர். மனதில் பட்டதைச் சொன்னார். “கேடயத்த எடுத்துக்கிட்டா யாருக்கும் அடிபடாது. அடிபடலன்னா வைத்தியச்சி எதுக்கு? அவங்க மேல இருக்கட்டும், பத்திரமா.”

அதில் தவறே இல்லை. தங்கை தலையை ஆட்டி ஆமோதித்தாள். எடுத்து வெளியே வைத்திருந்த பகடைகளை ஒவ்வொன்றாகத் தன் சின்னப் பைக்குள் போட ஆரம்பித்தாள். லிஃப்ட்காரர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

“இரும்மா” என்றார் மாமனார். “வண்டி கெளம்புறதுக்கு முன்னாடி கார்டு ரெண்டு பக்கமும் எட்டிப் பாக்கணும். ஆள் எல்லாம் ஏறியாச்சான்னு பாத்துட்டுத்தான் கொடி காட்டுவேன். மூட்டை நின்னுபோனா அடுத்த வண்டியில வரும். ஆள விட்டுட்டு நான் ஒரு நாளும் கொடி காட்டினதில்ல.”

அட்டையைத் தூக்கி மேஜையின் கோடியில், கிணற்றுக்கு வெகு தூரத்தில் வைத்தார். பிறகு தங்கையின் பித்தளை போல்ட்டைத் தானே எடுத்துக் கூடைக்குள், தன் போல்ட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

கீழே இருந்தவை நான்கு பெரும்பல்லிகள். மாமனார் பழக்கதோஷத்தில் ஓர் அதட்டல் போட்டார். நான்கும் அவர்மேல் பாய்ந்தன. கேடயம் இல்லாத அதட்டல் என்ன செய்யும் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்பது உயிர்ப்புள்ளி ஒரே சுற்றில் பதினொன்றாக இறங்கியது, அடுத்த கடியில் இரண்டானது. பேக்கரிக்காரர் ஒரு பல்லியை வெட்டி வீழ்த்திவிட்டு, மூன்று மிச்சம் என்று விரல் காட்டினார், முகம் வெளுத்து. மாமனார் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“ஐயோ, எனக்கு அடிபட்டுடுச்சும்மா. சீக்கிரம் வா” என்றார்.

தங்கை பையைக் கவிழ்த்தே விட்டாள். பகடைகள் போர்வையெங்கும் ஓடின. இருபது முகப் பகடையைப் பிடித்து, பள்ளிப் பிள்ளைகளை வேனில் உட்காரவைக்கிற அதே குரலில், “மாமா, ஆடாம அசையாம இருங்க” என்று அதட்டிவிட்டு உருட்டினாள். பதினொன்று வந்தால் போதும். பகடை ஓடி, பன் தட்டில் முட்டி, பதினேழில் நின்றது. பேக்கரிக்காரர் மேஜையைத் தட்டியது மூன்றாவது மாடிக்குக் கேட்டிருக்கும், போர்வை இருந்தும்.

அதன்பிறகு ஒரு மணி நேரம் சண்டை. தங்கை ஏழு முறை உருட்டினாள். இரண்டு முறை தவறியது, ஐந்து முறை பலித்தது. கடைசிப் பல்லி விழுந்தபோது மாமனாரிடம் பத்தொன்பது மிச்சம், மற்ற இருவரிடமும் ஏறக்குறைய பாதி. லிஃப்ட்காரர் கூட்டிப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். எவ்வளவு அடக்கியும் மனைவி பார்த்துவிட்டார்.

நெம்புகோலைத் தள்ளியதும் வாள்வீரன் கூடையில் மேலே போய்க் கேடயத்தோடு திரும்பி வந்தான். ஆறு மணிக்குப் பேக்கரிக்காரர் கடை திறக்க ஓடினார். தங்கை தன் போல்ட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே, அடுத்த வாரம் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிடுவதாக அண்ணியிடம் சொன்னாள். மாமனார் மட்டும் எழுந்திருக்கவில்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இதுல ஒரு வரி விட்டுப்போயிருக்கு மாப்பிள்ளை. மொத வாரமே தெரிஞ்சுபோச்சு. நாப்பது வருஷம் வண்டி உத்தரவுச் சீட்டை வரி விடாம படிச்ச கண்ணு இது.”

ஏன் சொல்லவில்லை என்று லிஃப்ட்காரர் மெதுவாகக் கேட்டார்.

“நல்லா இருந்துச்சு” என்றார் பெரியவர். கொஞ்சம் வெட்கப்பட்டார். “அஞ்சு வாரம் போதும். நீங்க எழுதிடுங்க.” அட்டையை நீட்டினார்.

லிஃப்ட்காரர் அட்டையை வாங்கவில்லை. கொடுத்த அட்டையைத் தொடுவதில்லை என்பது சட்டம். காதுக்குக் கையைக் கொண்டுபோய்ச் சிவப்புப் பென்சிலை எடுத்து, கடித்த முனையைச் சட்டையில் ஒருமுறைக்கு இருமுறை துடைத்து, மாமனாரின் விரல்களுக்கு நடுவில் வைத்தார்.